ரிப்போர்ட்டில் இல்லாத இரண்டு எண்கள்

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதமும், கூடவே வைத்திருந்த உங்கள் கணவரின் ரத்தப் பரிசோதனை நகலும் கிடைத்தன. ‘எல்டிஎல் 110தான், எல்லாம் நார்மல் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆனால் என் மாமனார் 49 வயதில் மாரடைப்பில் போனவர். இவருக்கு இப்போது 43. எனக்கு மனசு ஆறவில்லை’ என்று எழுதியிருந்தீர்கள். லேபில் ஏதோ ‘அட்வான்ஸ்டு கார்டியாக் பேக்கேஜ்’ இருக்கிறதாம், பல ஆயிரம் ஆகுமாம், எடுக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள்.

இதே கேள்வியோடு எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அதனால்தான் உங்கள் பெயரையும் ஊரையும் விட்டுவிட்டு, எல்லோரும் படிக்கும்படி இங்கேயே பதில் எழுதுகிறேன். முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். முழு பேக்கேஜ் தேவையில்லை. அதற்குள் இருக்கும் இரண்டு பரிசோதனைகள் தேவை. ஒன்று அப்போ-பி, மற்றொன்று லிப்போபுரோட்டீன்-ஏ. உங்கள் மனசு ஆறாததற்கு நியாயம் இருக்கிறது. அந்த நியாயம் என்ன என்பதைத்தான் விளக்கமாகச் சொல்லப்போகிறேன்.

முதலில், கையில் இருக்கும் தாளையே ஒழுங்காகப் படிப்போம். லிப்பிட் புரொஃபைல் என்ற தலைப்பின் கீழ் எட்டு வரிகள் இருக்கின்றன. மொத்தக் கொலஸ்ட்ரால் 186, ட்ரைகிளிசரைடு 205, ஹெச்டிஎல் 35, விஎல்டிஎல் 41, எல்டிஎல் 110, நான்-ஹெச்டிஎல் 151. கடைசி இரண்டும் விகிதங்கள். எட்டு வரி இருந்தாலும் மெஷின் அளந்தது முதல் மூன்றை மட்டும்தான். மீதி ஐந்தும் கணக்கு. நீங்களே போட்டுப் பாருங்கள். 205-ஐ ஐந்தால் வகுத்தால் 41 வரும், அதுதான் விஎல்டிஎல். 186-இல் இருந்து 35-ஐயும் 41-ஐயும் கழித்தால் 110. உங்களுக்கு ஆறுதலாகச் சொல்லப்பட்ட அந்த எல்டிஎல் இப்படித்தான் பிறந்தது.

இதில் மோசடி எதுவும் இல்லை. எல்டிஎல்லை நேரடியாகப் பிரித்து அளக்க அதிவேகமாகச் சுழலும் பெரிய இயந்திரமும் நிறைய நேரமும் வேண்டும். அதைத் தவிர்க்க வில்லியம் ஃப்ரீடுவால்டும் அவருடைய சகாக்களும் 1972-இல் அமெரிக்காவில் இந்தச் சூத்திரத்தை வெளியிட்டார்கள். மலிவு, எளிது, உலகம் முழுக்கப் பரவிவிட்டது. கோடிக்கணக்கானவர்களுக்கு உதவியும் இருக்கிறது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டினால் சூத்திரமே செல்லாது. அதற்குக் கீழேயும், ட்ரைகிளிசரைடு ஏற ஏற, எல்டிஎல் இறங்க இறங்க, விடையை நம்புவது கடினம். இப்போது சில லேப்களில் வேறு முறையில் எல்டிஎல்லை நேரடியாகவே அளக்கிறார்கள். அப்படியானால் தாளில் ‘டைரக்ட்’ என்று போட்டிருக்கும். உங்கள் தாளில் அது இல்லை.

யாரும் கண்டுகொள்ளாத வரி ஒன்று அதே தாளில் இருக்கிறது: நான்-ஹெச்டிஎல் 151. மொத்தக் கொலஸ்ட்ராலில் நல்ல கொழுப்பான ஹெச்டிஎல்லைக் கழித்தால் மிஞ்சுவது இது. ரத்தக் குழாயைக் கெடுக்கக்கூடிய எல்லாவகைக் கொலஸ்ட்ராலும் இந்த ஒரே எண்ணுக்குள் அடங்கிவிடும். இதற்குத் தனிக் காசு வேண்டாம், வெறும் வயிறும் வேண்டாம். இந்திய இருதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டியில் ஆபத்துக் குறைவானவர்களுக்கும் நடுத்தரமானவர்களுக்கும்கூட இது 130-க்குக் கீழே இருக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஆபத்து அதிகமானவர்களுக்கு 100-க்குக் கீழே. ஆக, 110-ஐ மட்டும் பார்த்து நார்மல் என்றவர் அடுத்த வரியிலேயே இருக்கும் 151-ஐப் பார்க்கவில்லை. கூடவே ஹெச்பிஏ1சி 6.1 என்று இருக்கிறது. அது சர்க்கரை நோயின் வாசற்படி. ட்ரைகிளிசரைடு கூடுதல், ஹெச்டிஎல் குறைவு, சர்க்கரை எல்லைக்கோட்டில், அப்பாவுக்கு 49-இல் மாரடைப்பு. இத்தனையும் சேர்ந்த ஒருவரை நார்மல் என்று வீட்டுக்கு அனுப்புவது எனக்கு ஏற்புடையதாக இல்லை.

இனி அப்போ-பிக்கு வருகிறேன். கொலஸ்ட்ரால் மெழுகு மாதிரியான பொருள், ரத்தத்தில் தானாகக் கரையாது. அதனால் ஈரல் அதைப் புரத உறை போர்த்திய நுண்ணிய துகள்களில் ஏற்றி அனுப்புகிறது. விஎல்டிஎல், எல்டிஎல் எல்லாம் அந்தத் துகள்களின் பெயர்கள்தான். நம் ரிப்போர்ட்டில் வரும் எண், அந்தத் துகள்களுக்குள் இருக்கும் கொலஸ்ட்ராலின் எடை. ஆனால் ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் நுழைவது துகள். நுழைந்து, அங்குள்ள இழைகளில் ஒட்டிக்கொண்டு, கெட்டுப்போய், அதை விழுங்க வந்த வெள்ளை அணுக்களும் கொழுப்பேறி அங்கேயே செத்துப்போய்ப் படிவாகிறது. எத்தனை துகள்கள் சுவரை மோதுகின்றன என்பதே விஷயம். நூறு கிலோ அரிசியை 25 கிலோ சிப்பமாகக் கட்டினால் நாலு உருப்படி. ஐந்து கிலோ பையாகக் கட்டினால் இருபது. எடை மாறவில்லை. எல்டிஎல் 110 என்பது எடையைச் சொல்கிறது, உருப்படியைச் சொல்வதில்லை.

உருப்படியை எண்ண இயற்கையே ஒரு வழி வைத்திருக்கிறது. கெடுதல் செய்யும் துகள் எதுவானாலும், பெரியதோ சிறியதோ, அதன் மேல் அப்போ-பி என்ற புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். இரண்டு இருக்காது, இல்லாமலும் இருக்காது. ரத்தத்தில் அப்போ-பியை அளந்துவிட்டால் துகள்களை எண்ணியதாகிவிட்டது. இங்கே சூத்திரமும் கிடையாது, ஊகமும் கிடையாது.

பெரும்பாலானவர்களுக்கு எடையும் எண்ணிக்கையும் கைகோத்துத்தான் போகும். அவர்களுக்கு அப்போ-பி புதிதாக எதையும் சொல்லிவிடாது. எங்கே பிரிகிறது என்றால், ட்ரைகிளிசரைடு கூடி, ஹெச்டிஎல் குறைந்து, வயிறு போட்டு, சர்க்கரை எட்டிப்பார்க்கும் உடம்பில். அங்கே எல்டிஎல் துகள்கள் சிறுத்து, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் கொலஸ்ட்ராலைச் சுமந்து, எண்ணிக்கையில் பெருகிவிடுகின்றன. எடை பார்த்தால் சாதுவாகத் தெரியும். உங்கள் கணவரின் தாள் அந்தச் சாயலில்தான் இருக்கிறது.

அவர் மட்டுமா? சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் முன்னின்று நடத்திய ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின் கொழுப்புக் கணக்கு 2014-இல் வெளியானது. தமிழ்நாடு, மகாராஷ்டிரம், ஜார்கண்ட், சண்டிகர் ஆகிய நான்கு இடங்களில் எடுத்தது. எல்டிஎல் கூடுதலாக இருந்தவர்கள் 11.8 சதவீதம் பேர்தான். ஹெச்டிஎல் குறைவாக இருந்தவர்கள் 72.3 சதவீதம். ட்ரைகிளிசரைடு கூடியவர்கள் 29.5 சதவீதம். இந்த மூன்று எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எல்டிஎல் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தால் நம் ஊர்க்காரர்களில் எத்தனை பேர் கண்ணில் படாமல் நழுவிப் போவார்கள்!

நழுவினால் என்ன ஆகும் என்பதற்கும் கணக்கு இருக்கிறது. கேரளத்தில் பிறந்து கனடாவில் பணியாற்றும் சலீம் யூசுஃப் தலைமையில் 52 நாடுகளில் நடந்த இண்டர்ஹார்ட் ஆய்வு 2004-இல் வெளிவந்தது. மாரடைப்போடு மிக வலுவாகத் தொடர்பு காட்டியது அப்போ-பிக்கும், நல்ல கொழுப்பின் மேல் இருக்கும் அப்போ-ஏ1 என்ற புரதத்துக்கும் உள்ள விகிதம். அதே ஆய்வின் தெற்காசியப் பகுதியைத் தனியே அலசியபோது, நம்மவர்களுக்கு முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், மற்ற நாடுகளில் 58.8 என்றும் தெரிந்தது. கிட்டத்தட்ட ஆறு வருடம் முன்னதாக. பெண்ணுக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, வீட்டுக் கடன் முடிந்திருக்காது, அந்த வயதில் வருகிறது. என் கவலையெல்லாம் அந்த ஆறு வருடத்தைப் பற்றித்தான்.

சரி, இரண்டாவது எண். உங்கள் மாமனாரின் 49 வயதைப் படித்தவுடன் எனக்கு முதலில் தோன்றியது இதுதான். லிப்போபுரோட்டீன்-ஏ, சுருக்கமாக எல்பி-ஏ. நார்வே நாட்டு கோரே பெர்க் 1963-இல் கண்டுபிடித்தது. எல்டிஎல் துகள் ஒன்றை எடுத்து அதன் மேல் இன்னொரு புரத வாலை ஒட்டவைத்தால் அதுதான் எல்பி-ஏ. அந்த வால், ரத்தக் கட்டியைக் கரைக்க உடம்பு வைத்திருக்கும் பிளாஸ்மினோஜன் என்ற புரதத்தின் சாயலில் இருக்கிறது. ஆனால் அந்த வேலையைச் செய்வதில்லை. துகளோ கெட்டுப்போன கொழுப்புகளைச் சுமந்துகொண்டு திரிகிறது. மாரடைப்பு, பக்கவாதம் இரண்டுக்கும் வழி வைப்பதோடு, இதயத்திலிருந்து பெருந்தமனிக்குப் போகும் வால்வு கெட்டிப்பட்டுச் சுருங்கவும் காரணமாகிறது.

இதன் அளவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அப்பா அம்மாவிடமிருந்து வந்த மரபணு. குழந்தைக்கு ஐந்து வயது ஆகும்போதே கிட்டத்தட்ட நிலைத்துவிடும். பிறகு அவ்வளவாக மாறாது. நடந்தாலும் சரி, எண்ணெயை நிறுத்தினாலும் சரி, பூண்டு வெந்தயம் எதைச் சாப்பிட்டாலும் சரி, அசையாது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரையும் அதைக் குறைப்பதில்லை. ஒல்லியாக, சிகரெட் தொடாத, காலையில் நடக்கப் போகிற மனிதர் திடீரென்று விழுந்தார் என்று கேள்விப்படுகிறோம் அல்லவா? அவர்களில் சிலருடைய ரத்தத்தில் இது இருந்திருக்கும். யாரும் அளந்திருக்க மாட்டார்கள். வழக்கமான லிப்பிட் புரொஃபைலில் இது வராது. மொத்தக் கொலஸ்ட்ரால் 160 இருப்பவருக்கும் எல்பி-ஏ உச்சத்தில் இருக்கலாம்.

எவ்வளவு என்றால் அதிகம்? டெசிலிட்டருக்கு 30 மில்லிகிராமுக்குக் கீழே என்றால் நிம்மதி. 50-க்கு மேல் என்றால் ஆபத்துக் கணக்கில் சேர்க்கவேண்டும். நடுவில் இருப்பது இரண்டும் கெட்டான். சில லேப்களில் நானோமோல் கணக்கில் தருவார்கள். அதில் 75-உம் 125-உம் எல்லைகள். ஒன்றை இன்னொன்றாக வாய்ப்பாடு போட்டு மாற்றாதீர்கள். ஆளுக்கு ஆள் அந்த வாலின் நீளம் வேறுபடுவதால் அந்தக் கணக்கு சரியாக வராது. 180 மில்லிகிராமைத் தாண்டினால், பிறவியிலேயே கொலஸ்ட்ரால் மிகும் பரம்பரை நோய்க்குச் சமமான ஆபத்து என்று ஐரோப்பிய வழிகாட்டி 2019-இல் சொன்னது. இந்தியர்களில் ஏறத்தாழ 25 சதவீதம் பேருக்கு 50-க்கு மேல் இருக்கிறது என்கிறது நான் மேலே சொன்ன 2024 இந்திய வழிகாட்டி. மேலை நாடுகளில் 15 முதல் 20 வரை. நாலு பேரில் ஒருவர்! வாழ்நாளில் ஒருமுறையாவது எல்லோரும் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் அதே வழிகாட்டி சொல்கிறது. ஒருமுறை போதும், வருடா வருடம் வேண்டாம்.

‘குறைக்க முடியாததை அளந்து என்ன பிரயோஜனம், மனக்கஷ்டம்தானே’ என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. இதை எழுதும் இன்றைக்கு, எல்பி-ஏவைக் குறைப்பதற்கென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து கிடையாது. பெலகார்சன், ஓல்பசிரான் போன்ற ஊசி மருந்துகள் அதை எண்பது சதவீதமும் அதற்கு மேலும் இறக்கிக் காட்டியிருக்கின்றன. மாரடைப்பையும் குறைக்குமா என்பதைப் பார்க்கப் பெரிய ஆய்வுகள் தொடங்கியிருக்கின்றன. ஆனாலும் அளப்பதில் பயன் உண்டு. எல்பி-ஏ கூடியவருக்கு மற்ற எதையும் ‘பரவாயில்லை’ என்று விடக்கூடாது என்று தெரிந்துவிடுகிறது. பிரஷர், சர்க்கரை, புகை, அப்போ-பி எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கவேண்டும். ஐந்து வருடம் கழித்துத் தொடங்கலாம் என்று தள்ளிப்போடும் சிகிச்சையை இன்றே தொடங்கவேண்டும். மாற்ற முடியாதது ஒன்று இருக்கும்போது மாற்ற முடிந்தவற்றில் தாமதம் கூடாது, அவ்வளவுதான்.

பேக்கேஜில் மீதி இருப்பவற்றைப் பற்றி இரண்டொரு வார்த்தை. ஹெச்எஸ்-சிஆர்பி என்பது உடம்பில் கனன்றுகொண்டிருக்கும் அழற்சியைக் காட்டும். பயன் இல்லாமல் இல்லை. ஆனால் சளி, காய்ச்சல், ஈறு வீக்கம் இருக்கும்போது எடுத்தால் தாறுமாறாக ஏறி வீண் பயத்தைக் கிளப்பும். ஹோமோசிஸ்டின் வேண்டாம். அதை வைட்டமின் மாத்திரையால் குறைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகளில் மாரடைப்பு குறையவில்லை. எல்டிஎல் துகள்களைச் சிறியது பெரியது என்று ரகம் பிரித்து வண்ண வரைபடம் தருகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் அப்போ-பி சொல்லாத எதையும் அது சொல்லிவிடாது. விகிதங்கள் எல்லாம் ஏற்கெனவே உங்களிடம் இருக்கும் எண்களின் மறு அவதாரம்தான். ஆக, கவுண்டரில் போய் ‘பேக்கேஜ் வேண்டாம், அப்போ-பியும் லிப்போபுரோட்டீன்-ஏவும் மட்டும் எடுங்கள், தனித்தனி விலை என்ன’ என்று கேளுங்கள். கேட்பதில் கூச்சமே வேண்டாம், உங்கள் பணம்.

ஒரு எச்சரிக்கை. பில்லில் ‘அப்போ-ஏ1’ என்று போட்டுவிட்டு எல்பி-ஏ எடுத்தாகிவிட்டது என்பார்கள். அது நல்ல கொழுப்பின் மேல் இருக்கும் புரதம், இது முற்றிலும் வேறு. பில்லைப் படித்துவிட்டே கையை நீட்டச் சொல்லுங்கள்.

எடுக்கும்போது என்ன நடக்கும் என்றும் சொல்கிறேன், உங்கள் கணவருக்கு ஊசி என்றால் பயம் என்று எழுதியிருந்தீர்கள். மஞ்சள் மூடி போட்ட குழாய் ஒன்றில் ரத்தம் எடுப்பார்கள். இரண்டு பரிசோதனைக்கும் சாப்பிட்டுவிட்டே போகலாம். அரை மணி நேரம் நிறுத்திவைத்தால் ரத்தம் உறைந்து கீழே தங்கும். சுழற்றி எடுத்தால் மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிந்த சீரம் நிற்கும். ட்ரைகிளிசரைடு ஆயிரக்கணக்கில் ஏறியவர்களுக்கு இந்தச் சீரம் பால் போல வெளுத்து, குழாய்க்கு அந்தப்பக்கம் இருக்கும் விரல் தெரியாமல் இருக்கும். நோயாளிக்கு அந்தக் குழாயை ஒருமுறை காட்டிவிட்டால், நாலு பக்கம் அறிவுரை தேவைப்படாது. அந்தச் சீரத்தில் அப்போ-பியைப் பிடிக்கும் எதிர்ப்பொருளை விடுவார்கள். இரண்டும் கைகோத்துக் கலங்கும். எவ்வளவு கலங்குகிறது என்பதை ஒளி பாய்ச்சி மெஷின் அளக்கும். எல்பி-ஏவுக்கும் இதே முறைதான். சாதாரண லேபிலும் நடக்கக்கூடிய வேலை. அங்கே மெஷின் இல்லை என்றால் சீரத்தைப் பெரிய லேபுக்கு அனுப்பி, சில நாளில் ரிப்போர்ட் தருவார்கள்.

வந்தபிறகு அந்தத் தாளோடு உங்கள் டாக்டரைப் பாருங்கள். அப்போ-பியில் நடுத்தர ஆபத்துள்ளவருக்கு 100-க்குக் கீழே, அதிக ஆபத்துள்ளவருக்கு 80-க்குக் கீழே, ஏற்கெனவே மாரடைப்பு வந்தவருக்கு 65-க்குக் கீழே என்பது பொதுவான இலக்கு. உங்கள் கணவர் இதில் எந்தப் படியில் நிற்கிறார் என்பதை பிரஷர், சர்க்கரை, புகைப் பழக்கம் எல்லாம் பார்த்து நேரில் முடிவு செய்யவேண்டியவர் டாக்டர்தான். கடிதத்தில் நான் செய்வது சரியாகாது. முடிவு நூலிழையில் நின்றால் இதயக் குழாயின் சுண்ணாம்புப் படிவைப் பார்க்கும் சிடி ஸ்கேன் ஒன்று உதவும்.

மாத்திரை எழுதினால் என்ன செய்வது? உங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கம் முழுக்க அந்தப் பயம்தான். ‘ஆரம்பித்தால் நிறுத்த முடியாதாமே, ஈரல் போய்விடுமாமே’ என்கிறீர்கள். ஸ்டேட்டினைப்போல இத்தனை லட்சம் பேரிடம் இத்தனை வருடம் சோதித்துப் பார்த்த மருந்துகள் மிகக் குறைவு. ஜப்பானைச் சேர்ந்த அகிரா எண்டோ 1970-களில் பூஞ்சைகளில் தேடி எடுத்த பொருளிலிருந்து தொடங்கியது அதன் கதை. 1987-இல் முதல் மருந்து சந்தைக்கு வந்தது. எல்டிஎல் சுமார் 39 புள்ளி குறைந்தால் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைகின்றன என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். சிலருக்குத் தசைவலி வரும், சர்க்கரை சிறிது ஏறலாம். அப்போது மருந்தையோ அளவையோ மாற்றலாம். ஈரல் நிஜமாகவே கெடுவது அபூர்வம். தேவைப்பட்டவர் எடுக்காமல் இருப்பதில்தான் பெரிய ஆபத்து இருக்கிறது. ஒன்று மட்டும்: யாரோ சொன்னார்கள் என்று ஆஸ்பிரினை நீங்களாகத் தொடங்கிவிடாதீர்கள், அது ரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இவருடைய ட்ரைகிளிசரைடு 205 இறங்குவதற்கு எண்ணெயைவிடச் சோறுதான் முக்கியம். மதியம் குவித்துப் போடும் சோற்றைப் பாதியாக்கி, அந்த இடத்தில் பொரியலும் கூட்டும் சுண்டலும் வரட்டும். நாளைக்கு நாலு டீயில் போகும் சர்க்கரையும், வார இறுதி மதுவும் நிற்கவேண்டும். ரேஷன் பாமாயிலில் நிறைவுற்ற கொழுப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல். அது எல்டிஎல்லை ஏற்றும், கடலை எண்ணெய்க்கோ நல்லெண்ணெய்க்கோ மாறமுடிந்தால் மாறுங்கள். இடுப்புச் சுற்றளவு குறைந்தால் மூன்று நான்கு மாதத்தில் ட்ரைகிளிசரைடு இறங்குவதைத் தாளிலேயே பார்க்கலாம்.

இன்னொரு பக்கம், உங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் படிக்கும் யாருக்காவது உதவும். எல்டிஎல் 190-ஐத் தாண்டினால் அது சாப்பாட்டால் மட்டும் வருவதல்ல, பரம்பரை நோயாகவும் இருக்கலாம். அந்த நோய், துகள்களை ரத்தத்திலிருந்து பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள் பழுதானதால் வருவது. அந்த ஏற்பியைக் கண்டுபிடித்த பிரவுனுக்கும் கோல்ட்ஸ்டீனுக்கும் 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் அந்தப் பழுது வந்துவிட்டால் குழந்தைப் பருவத்திலேயே முழங்கை, முழங்கால், குதிகால் தசைநாணில் மஞ்சள் கொழுப்புக் கட்டிகள் தோன்றும். தாய்மாமன், அத்தை மகன் என்று சொந்தத்தில் கட்டுவது நம்மிடையே சாதாரணம் என்பதால் நாம் இதில் இரட்டிப்புக் கவனமாக இருக்கவேண்டும். அப்படிக் கட்டி உள்ள குழந்தையைத் தோல் டாக்டரிடம் மட்டும் காட்டிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், கொலஸ்ட்ராலைப் பாருங்கள்.

கடைசியாக, கடிதத்தில் உங்கள் கணவரைப் பற்றி மட்டும் எழுதியிருக்கிறீர்கள். எல்பி-ஏ குடும்பச் சொத்து. இவருக்கு 50-க்கு மேல் வந்தால், உடன்பிறந்தவர்கள் ஒவ்வொருவருக்கும் இருப்பதற்குக் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்கள் கொழுந்தனார் கோயம்புத்தூரில் இருக்கிறார் என்றீர்கள். இவருடைய ரிப்போர்ட் வந்த அன்றே அவருக்குப் போன் போடுங்கள். காலேஜ் போகும் உங்கள் பெண்ணுக்கும், ப்ளஸ் ஒன் படிக்கும் பையனுக்கும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. பதினெட்டு வயதில் தெரிந்துகொண்டவன் சிகரெட்டைத் தொடுவதற்கு முன் யோசிப்பான். நாற்பத்தைந்தில் ஐசியுவில் தெரிந்துகொள்வதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

நீங்களும் எடுத்துக்கொள்ளவேண்டும். உங்கள் கடிதம் நாலு பக்கம். அதில் உங்கள் வயதுகூட இல்லை. கர்ப்பமாக இருந்தபோது பிரஷர் ஏறியதா, சர்க்கரை வந்ததா என்பதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். இரண்டுமே பிற்காலத்தில் இதய நோய்க்கு வழிவகுப்பவை. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு எல்டிஎல்லும் அப்போ-பியும் ஏறும். உலகம் முழுக்கப் பெண்களின் சாவுக்கு முதல் காரணம் இதயமும் ரத்தக் குழாயும் சார்ந்த நோய்தான். கணவரை லேபுக்கு அழைத்துப்போகும் அன்று இரண்டு டோக்கனாக வாங்குங்கள். ரிப்போர்ட் வந்ததும் இரண்டு பேருடையதையும் எனக்கு எழுதுங்கள், காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மருத்துவப் பகுதி எழுத்தாளர்